பொம்மையின் கொண்டை

திருத்தணி மலையில் முடி இறக்கி, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, காஞ்சிபுரம் பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த வள்ளிக்கு வழிநெடுக ஒரு குறையும் இல்லை. மகன் தினகரன் போன வருஷம் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. பையன் எழுந்து உட்கார்ந்து, இப்போது அம்மாவையே எதிர்த்துப் பேசும் அளவுக்குத் தேறிவிட்டான். வேண்டுதல் முடிந்த நிம்மதியில் கண்ணை மூடிக்கொண்டு வந்தவள், பேருந்து ஊருக்குள் நுழைந்து ஒரு பட்டுப்புடவைக் கடையைத் தாண்டும்போது கண்ணைத் திறந்தாள். கடை வாசலில் அரக்குப் புடவை கட்டிய பொம்மை ஒன்று இடுப்பில் கை வைத்து நின்றது. அதன் பின்கழுத்தில் கச்சிதமாக ஒரு கொண்டை இருந்தது.

கொண்டை இல்லாமல் நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவது?

கொண்டைக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நிறைவாழ்வு முதியோர் பராமரிப்பு நிலையத்தைப் பார்த்ததில்லை. ஏனாத்தூர் சாலையில் வேலி போட்ட மாடிக் கட்டடம். கட்டியவர் பட்டுக்கடை முதலாளி வரதராஜன். தாயார் காமாட்சியம்மாளுக்கு ஞாபகம் தப்பிப்போனபோது அவரை வீட்டில் வைத்துக்கொள்ள வீட்டாருக்கு முடியவில்லை, வெளியே விட வரதராஜனுக்கு மனமில்லை, ஆகவே ஒரு வீட்டையே வெளியே கட்டிவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் காதில் விழாமல்தான் சொல்வார்கள்.

முதலில் அங்கே விதி என்று எதுவும் கிடையாது. நகத்தை வெட்டு, கையைக் கழுவு, அவ்வளவுதான். பிறகு ஒரு முதியவரின் மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேசியபோது, பின்னால் வள்ளி கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, இவர்கள் ஊழியர்கள் மாதிரியே இல்லையே, வீட்டு மனுஷர்கள் மாதிரி இருக்கிறார்களே என்று குறைப்பட்டுக்கொண்டார். நிர்வாகம் இந்த அவமானத்தில் துடித்துப்போய், சென்னையிலிருந்து லோகேஸ்வரன் என்ற தோற்ற ஆலோசகரை வரவழைத்தது.

வந்தவர் கூடத்தில் பெண் ஊழியர்களை நிற்க வைத்துப் பேசினார். "பராமரிப்பு கண்ணுக்குத் தெரியணும். பராமரிக்கிறவங்க தெரியக்கூடாது. இதான் என் கான்செப்ட். பூவைப் பார்த்தா பெரியவங்களுக்கு வீட்டு ஞாபகம் வரும், வளையல் சத்தம் கேட்டா யாரோ வராங்கன்னு ஆசைப்படுவாங்க. தேவையில்லாத ஆசை. என்னையே எடுத்துக்கோங்க. இந்தத் தொழிலுக்கு வந்து இத்தனை வருஷம் ஆச்சு, ஒரு முதியவரைக்கூட நான் தொட்டதில்லை. அதனாலதான் என் சட்டையில ஒரு கறைகூடக் கிடையாது. இந்தத் தரத்தைத்தான் உங்ககிட்ட எதிர்பார்க்கிறேன்." முதியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு ஈரப் புடவையோடு வந்து நின்ற பெண்கள் கை தட்டினார்கள், தட்டச் சொன்னதால்.

பூ போயிற்று, வளையல் போயிற்று, மூக்குத்தி போயிற்று. எல்லோருக்கும் சாம்பல் நிற அங்கி வந்தது. முடியைப் பின்கழுத்தில் கொண்டையாக முடிய வேண்டும், அது எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியதாகவும் சாத்துக்குடியைவிடச் சிறியதாகவும் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. மேலாளர் துர்காதேவி இரண்டு பழத்தையும் மேசைமேல் வைத்துக்கொண்டு தினமும் காலையில் ஒப்பிட்டுப் பார்ப்பார். சாயங்காலம் அந்தச் சாத்துக்குடியை யாருக்காவது பிழிந்து கொடுத்துவிடுவதால் அளவு தினமும் மாறியது.

விதிகள் தூக்குகிற, துடைக்கிற, ஊட்டுகிற பெண்களுக்கு மட்டும். துர்காதேவி தலையில் மல்லிகை உண்டு. அது நிர்வாகம் சார்ந்தது. காவலாளி ராமராஜனின் மீசை காதுவரை போயிற்று. அது பாதுகாப்பு சார்ந்தது. ஆண்கள் பகுதி ஊழியன் இளங்கோவன் திருப்பதிக்குப் போய் மொட்டையோடு வந்தபோது லோகேஸ்வரனே கை கொடுத்தார். "இதுதாங்க கிளீன் லுக்" என்றார். மறு வாரமே பெண்களுக்கான விதியில் ஒரு வரி சேர்ந்தது: தலைமுடியை நீக்குதல் முதியோருக்கு அச்சம் தரும் தோற்றம், உடனடி வேலைநீக்கம். வேண்டுதலுக்கு நாள் குறித்துவிட்டிருந்த வள்ளி அந்த வரியைப் படித்தாள். ஆனால் சாமி காரியத்துக்கும் ஆபீஸ் காரியத்துக்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவில்லை. பேருந்திலிருந்து பொம்மையைப் பார்த்தபோதுதான் தோன்றியது.

நிலையத்திலும் ஒரு பொம்மை உண்டு; அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரதராஜன் தம் கடை வாசலில் நின்ற பொம்மைகளில் ஒன்றைக் கொண்டுவந்து, சாம்பல் அங்கி மாட்டி, கொண்டை கலையாமல் கூடத்தில் நிறுத்தியிருந்தார். கழுத்தில் 'மாதிரி ஊழியர்' என்று அட்டை. "இருபது வருஷமா எங்கிட்ட நிக்குதும்மா" என்று அதன் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார். "ஒரு நாள் லீவு கேட்டது இல்ல. உக்காந்தது இல்ல. காலு வலிக்குதுன்னு சொன்னது இல்ல. நான் பொம்பளைங்கள மதிக்கிறவன். அதுக்கு இதைவிட இன்னா சாட்சி வேணும்." சிறந்த ஊழியர் விருது மாதாமாதம் பொம்மைக்கே போயிற்று. நிலையத்தில் இருக்கிற ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வீரபாகு தினமும் அதற்கு வணக்கம் டீச்சர் என்று சொல்லி, இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று புகார் சொல்வார். குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரே ஊழியர் அதுதான் என்று அவருக்கு அதன்மேல் தனி மரியாதை.

மறுநாள் காலை வள்ளி பின்வாசல் வழியாகத் துணி துவைக்கும் இடத்துக்குள் நுழைந்தாள். தலையில் துண்டு சுற்றியிருந்தாள். வீட்டுக்காரர் கீழே விழுந்து இடுப்பு பிசகியதிலிருந்து அவள் வேலையில்தான் அடுப்பு எரிகிறது. பையன் படிப்பும் அதில்தான் ஓடுகிறது. இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை.

கௌசர் பக்கெட்டை வைத்துவிட்டு அவள் துண்டை விலக்கிப் பார்த்தாள். கௌசர் வள்ளியைவிட மூத்தவள், பெண்கள் பகுதியில் அவளோடு ஒன்றாகச் சேர்ந்தவள்.

"யா அல்லா, இன்னா வள்ளி இது. இளங்கோவன் மாதிரி வந்து நிக்கிற."

"அவனுக்குக் கை குடுத்தாங்களேக்கா."

"அவன் ஆம்பள. அவன் தலை சுத்தம். உன் தலைதான் பயங்கரம்."

"துண்டு கட்டிக்கினு சமாளிக்கலாமா?"

தலையில் துப்பட்டா போடக்கூடாது, கொண்டை மறைகிறது என்று கௌசரிடம் சொன்ன நாள் அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வீட்டில் தெரியாது. வேலை முடிந்து வாசலைத் தாண்டியதும் தலையை மூடிக்கொண்டுதான் பேருந்து ஏறுவாள். தலையை மூடக்கூடாது என்றால் துண்டும் ஆகாது.

"இரு" என்று சொல்லிவிட்டு அவள் கூடத்துப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அங்கிக்குள்ளிருந்து ஒரு கொண்டையை எடுத்தாள். அதோடு சேர்ந்து முழுத் தலைமுடியும் வந்தது.

"அக்கா, இது பொம்மையோடது."

"அதுக்குப் புருஷனா, புள்ளையா. போடு ஜல்தி."

துர்காதேவி தம் அறையில் பழங்களை மேசைமேல் வைத்துக்கொண்டு பரிசோதனை தொடங்கினார். வள்ளி முறை வந்தபோது லோகேஸ்வரனும் அங்கே இருந்தார். அவர் அவளைச் சுற்றி வந்தார். இன்னொரு முறை சுற்றி வந்தார்.

"பாருங்க, எல்லாரும் பாருங்க" என்றார். "இதுதான் கொண்டை. இத்தனை நாளா நான் தொண்டை வறள கத்தினது இதுக்குத்தான். ஒரு முடி வெளிய இல்ல. இது ஒழுக்கத்துல வர்றது, எண்ணெயில வர்றது இல்ல."

அந்தச் சமயத்தில் கூடத்திலிருந்து வீரபாகுவின் குரல் கேட்டது. "அம்மா, யாராவது வாங்க. டீச்சருக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு."

மாதிரி ஊழியர் வழுவழுவென்ற மண்டையோடு நின்றது. வீரபாகு அதன் கையைப் பிடித்து, பரவாயில்லைம்மா, வளர்ந்துடும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நிலையத்தின் கதவுகள் சாத்தப்பட்டன. வரதராஜனுக்குப் போன் போயிற்று. அவர் வந்து சேர்வதற்குள் லோகேஸ்வரன் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பெண் ஊழியர்களில் ஒருவர் பொம்மையின் முடியை அணிந்திருக்கிறார்; ஆகவே ஒவ்வொருவர் முடியையும் இழுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முடி உண்மைத்தன்மை ஆய்வு என்று பெயர் வைத்தார்.

"எல்லா ஊழியருக்குமா சார்?" என்று கௌசர் கேட்டாள்.

"பெண் பராமரிப்பு ஊழியருக்கு மட்டும். நிர்வாகத்தோட முடிய சந்தேகப்பட்டா நிர்வாகம் எப்படி நடக்கும்?"

கையுறை மாட்டிக்கொண்டு துர்காதேவி வரிசையின் அந்தக் கோடியிலிருந்து இழுக்க ஆரம்பித்தார். ஒவ்வொருத்தியும் ஆ என்றாள். ஆ என்றவள் உண்மையானவள் என்று எழுதிக்கொள்ளப்பட்டது. வள்ளிக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர்தான். முருகா, உனக்குத்தானே கொடுத்தேன், நீயே வந்து சொல்லு என்று நினைத்துக்கொண்டாள்.

முருகன் வரவில்லை. மாடியிலிருந்து தட்டு விழுகிற சத்தம் வந்தது. காமாட்சியம்மாள்.

வள்ளி விடுப்பில் போன நாளிலிருந்து அந்த அம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையில் அங்கி வந்த நாளிலிருந்தே இப்படித்தான். முன்பெல்லாம் வளையல் சத்தம் கேட்டதும் வள்ளி வருகிறாள் என்று வாயைத் திறந்து வைத்துக்கொள்வார். இப்போது கதவு திறந்தால் ஒரே மாதிரிச் சாம்பல் உருவம் ஒன்று சத்தமில்லாமல் வந்து நிற்கும். யாரு, யாரு என்று கேட்டுக்கொண்டே சுவரோரம் ஒடுங்கிப்போவார். அந்தப் பயத்தை வள்ளி தினமும் பார்த்தாள். ஆனால் அதை யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன ஆகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"வள்ளி, நீ மேல போய் ஊட்டு" என்றார் துர்காதேவி. "அப்புறம் வந்து இழுத்துக்கலாம்."

காமாட்சியம்மாள் கட்டிலின் மூலையில் குந்தியிருந்தார். வள்ளி ரசம் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான்தாம்மா, வள்ளி." அந்த அம்மாள் கேட்கவில்லை. பயத்தில் கையை வீசினார். விரல் கொண்டையில் மாட்டியது. பொம்மையின் முடி மொத்தமாக வந்து தரையில் விழுந்தது.

காமாட்சியம்மாள் அவள் தலையையே பார்த்தார். முந்தைய நாள் சந்தனம் காதோரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லக் கையை நீட்டி வருடினார். முகத்திலிருந்த பயம் எங்கோ போய்விட்டது.

"வரதா" என்றார். "எப்ப கண்ணு மொட்ட போட்டாங்க? வலிச்சுதா? அழாம இருந்தியா?"

"அழலம்மா" என்றாள் வள்ளி.

"எங் கண்ணு. வா, அம்மாகூட சாப்புடு." அவர் வாயைத் திறந்தார். வள்ளி ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே அந்த அம்மாள் அவள் தலையைத் தடவிக்கொண்டே சாப்பிட்டார்.

வாசலில் நிழல் விழுந்தது. வரதராஜன், அவருக்குப் பின்னால் லோகேஸ்வரன், துர்காதேவி. தரையில் முடி கிடந்தது. வள்ளி எழப் பார்த்தாள். காமாட்சியம்மாள் அவள் கையை விடவில்லை.

"யாருப்பா அது? கடை சாத்தியாச்சு. நாளைக்கு வா."

"அம்மா, நான்தாம்மா. வரதன்."

காமாட்சியம்மாள் அவருடைய கன்னங்கரேலென்ற தலையை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ முடிய வச்சிக்கினு பொய் சொல்றியேப்பா. எம் புள்ளைக்கி இப்பதான் மொட்ட போட்டு இட்டாந்தோம். தோ உக்காந்துக்கினு இருக்கான் பாரு."

வரதராஜனின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. சாயம் விரலில் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த சில நாட்கள் வள்ளி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். யாராவது அவள் பெயரைச் சொன்னாலே எழுந்து நின்றாள். வேலைநீக்க உத்தரவு இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறு உத்தரவு. லோகேஸ்வரன் கூடத்தில் நின்று அதை வாசித்தார்.

"நீண்ட ஆய்வுக்குப் பிறகு நிர்வாகம் கண்டறிந்தது என்னன்னா, முதியவங்க மொட்டைத் தலையை விரும்பறாங்க. இதை நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிக்கிட்டு வரேன். ஆகவே பெண் பராமரிப்பு ஊழியர் எல்லாரும் இனி தலை மழிச்சு, அளவாச் சந்தனம் பூசி வரணும். கொண்டை வச்சா உடனடி வேலைநீக்கம். வள்ளி அவர்கள் நமக்கு முன்மாதிரி."

பொம்மைக்கும் சந்தனம் பூசினார்கள். பின்பக்கக் கொட்டகையில் ஒரு நாற்காலி போட்டு, நாவிதர் ஒருவரை வரவழைத்தார்கள். வள்ளி மலையில் முடி கொடுத்தபோது அழவில்லை. சாமிக்குக் கொடுப்பதில் அழ என்ன இருக்கிறது. இங்கே ஒவ்வொருத்தியும் உட்கார்ந்து, கீழே விழுகிற தன் முடியைப் பார்த்து அழுதாள். எழுந்து போகும்போது வள்ளியைப் பார்த்த பார்வையில் அவளுக்கு உடம்பு கூசியது. நான் கேட்கவில்லையே என்று ஒவ்வொருவர் பின்னாலும் போய்ச் சொல்ல வேண்டும்போலிருந்தது.

கௌசர் நாற்காலியில் உட்கார மறுத்தாள். எங்கள் வீட்டில் பெண்கள் தலை மழிப்பதில்லை என்றாள். நிர்வாகக் குழு கூடிப் பேசி, முடியுள்ள ஊழியர் அந்தக் குறை வெளியே தெரியாதபடி தலையைத் துப்பட்டாவால் மூடிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தது.

"போன மாசம் போடாதேன்னு சொன்னீங்க. இப்போ போடாம வராதேன்னு சொல்றீங்க" என்றாள் கௌசர். "தலை என்னுதுதானே மேடம்?"

"பணி நேரத்துல இல்ல" என்றார் துர்காதேவி.

ஒரு தொல்லையை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. முடி வளரும். எல்லோருக்கும் முன்னால் மொட்டை போட்ட முன்மாதிரிக்கு எல்லோருக்கும் முன்னால் வளர்ந்தது. மற்றவர்களுக்கு நாவிதர் திரும்ப வந்து மழித்தார். வள்ளி தன் முறை வந்தபோது கொட்டகைப் பக்கம் போகவில்லை. வேண்டுமென்றே செய்யவில்லை, கால் போகவில்லை. காலையில் கண்ணாடியில் கறுப்பாக அரும்பியிருப்பதைப் பார்க்கும்போது முன்பு கொண்டைக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தாள்.

பரிசோதனைக்குப் பழங்கள் போய், பட்டு இழை வந்திருந்தது. வரதராஜன் கடையிலிருந்து வந்த ஒற்றை இழை. துர்காதேவி அதை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியிலிருந்து பிடரிவரை தலைமேல் இழுப்பார். வழுக்கிக்கொண்டு போனால் தேர்ச்சி. வள்ளி கண்ணை மூடிக்கொண்டாள். இழை உச்சந்தலை தாண்டியதும் மாட்டிக்கொண்டு நின்றது.

துர்காதேவி விளக்கம் கேட்கும் குறிப்பாணையை எடுத்தார். "முடி ஏன் வளந்துச்சுன்னு எழுதித் தரணும்."

வள்ளியின் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது. "முருகன் ஒரு தரம்தான் கேட்டாரு மேடம். நீங்க வாரா வாரம் கேக்கறீங்க."

"இதை எழுத்துல குடுக்கறியா?" என்றார் துர்காதேவி.

"வேணாம் மேடம்."

"அப்போ முதலாளி வந்துக்கினு இருக்காரு. அவரே முடிவு பண்ணட்டும். நீ மேல போய்ப் பெரியம்மாவுக்கு ஊட்டு."

இதுதான் கடைசிச் சோறு என்று நினைத்துக்கொண்டே வள்ளி படியேறினாள். காமாட்சியம்மாள் சில நாளாக மறுபடியும் சுவரோரம் ஒடுங்க ஆரம்பித்திருந்தார். கதவு திறந்தால் மொட்டை. அடுத்த கதவு திறந்தால் இன்னொரு மொட்டை. எல்லோர் தலையிலும் சந்தனம். இவர்களில் யார் வரதன், யாரைத் தடவுவது, யாருக்குப் பயப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வள்ளி பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார். முள் முள்ளாகக் குத்தியது. கையை எடுக்கவில்லை.

"நீ அந்தப் பொண்ணுதானே. பூ வச்சிக்கினு வருவியே."

"ஆமாம்மா" என்றாள் வள்ளி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது கதவு திறந்தது. வரதராஜன் தனியாக வந்து நின்றார். தலை பளபளவென்று மழிக்கப்பட்டிருந்தது. சந்தனம் இன்னும் காயவில்லை. கடை முதலாளி காலையிலேயே கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. வள்ளி தட்டோடு எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கட்டிலருகே மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தினார்.

"அம்மா. பாரும்மா."

காமாட்சியம்மாள் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பின்னுக்கு நகர்ந்து, வள்ளியின் அங்கியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உன்னையும் புடிச்சிட்டாங்களாப்பா?"

வரதராஜன் தலை நிமிரவில்லை.

"புதுசா சேந்திருக்கியா? பாத்து இரு. இங்க வர்ற எல்லாரையும் மொட்ட அடிச்சுடறாங்க. இந்தப் பொண்ணுக்குத்தான் இப்ப கொஞ்சம் வளருது. இவளையாவது உட்டுடச் சொல்லுப்பா. மொதலாளி யாருன்னு உனக்குத் தெரியுமா?"

வரதராஜன் நிமிர்ந்து வள்ளியைப் பார்த்தார். விசாரணைக்கு நிற்கிற ஊழியர்களின் முகத்தில் இருக்கிற பயம் அவர் முகத்தில் இருந்தது. வள்ளிக்கு அது நன்றாகத் தெரிந்த பயம்.

"தெரியும்மா" என்றார். "சொல்றேன்."

"பயப்படாம சொல்லு" என்றார் காமாட்சியம்மாள். பிறகு வள்ளியின் பக்கம் திரும்பி, ஊட்டச் சொல்லி வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்.